உரலும் உழவனும்

கண்டி வாவிக்கரையில் ஒரு மாலைப் பொழுது நின்று பார்ப்போருக்குப் பாடசாலைச் சுற்றுலாக் குழு ஒன்றாவது கண்ணிற் படாமற் போவதில்லை. தலதா மாளிகை, எண்கோண மண்டபம், வாவியின் நடுவேயுள்ள சிறு தீவு, கரையோரத்து முகில்வடிவச் சுவர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் காட்டி முடித்த ஆசிரியர், ஈற்றிற் போகம்பரைப் பக்கமாகக் கையை நீட்டி ஒரு கதையைத் தொடங்குவார். கண்டியின் கடைசி மன்னனான சிறீ விக்கிரமராசசிங்கன், தன்னை எதிர்த்து எழுந்த மகா அதிகாரம் எகலப்பொலவின் குடும்பத்தை 1814ஆம் ஆண்டிலே தண்டித்த கதை அது. மூத்த மகன் அஞ்சித் தாயின் பின்னே ஒளிகிறான். இளையவனான மத்தும பண்டார முன்வந்து கொலைஞனுக்குக் கழுத்தை நீட்டுகிறான். வெட்டுண்ட பிள்ளைகளின் தலைகளை உரலிலே இட்டு இடிக்குமாறு பெற்ற தாய் கட்டாயப்படுத்தப்படுகிறாள். பின்னர் அவள் போகம்பரைக் குளத்தில் அமிழ்த்தப்படுகிறாள். கதை முடிந்ததும் பிள்ளைகள் சிறிது நேரம் வாய் திறப்பதில்லை. சிங்களப் பிள்ளைகளாயினும் தமிழ்ப் பிள்ளைகளாயினும் அந்த மௌனம் ஒன்றே.

அந்த மௌனத்தை நாம் மதிக்கிறோம். சிறுவரைக் கொன்ற அரசனின் பழியைக் கழுவிவிடுவது எமது நோக்கமன்று. ஆயினும் இலக்கிய விமரிசனம் கண்ணீரோடு நின்றுவிடலாகாது. ஒரு கதை எதைக் காட்டி அழவைக்கிறது என்று கேட்கும்போதே, எதை மறைத்து அழவைக்கிறது என்றும் அது கேட்க வேண்டும். இருநூறு ஆண்டுகளாக மேடையிலும் ஏட்டிலும் வகுப்பறையிலும் வழங்கிவரும் கண்டியரசன் கதையை இந்த நோக்கிலே சிறிது ஆராய்வோம்.

இக்கதையை எமக்குச் சொல்லித் தந்த வாய்கள் மூன்று. முதலாவது, சிங்களத்தின் ஹட்டன எனப்படும் போர்க்காவிய மரபு. 1638ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பேராதனைக்கு எதிர்க்கரையிலுள்ள கன்னொறுவையில், இரண்டாம் இராசசிங்கனின் படை போர்த்துக்கேயப் படையை அநேகமாக முற்றாகவே அழித்தது. படைத்தலைவன் தியோகு தெ மெலோவும் அங்கே மாண்டான். அந்த வெற்றியைப் பாடியது பரங்கி ஹட்டன. பின்னாளில் எழுந்த எகலப்பொல ஹட்டனவும் அதே மரபினது. ஆனால் இங்கே பாட்டுடைத் தலைவன் மாறிவிட்டான். அரசன் கொடியவனாகவும் அவனை எதிர்த்த பிரதானி வீரனாகவும் நிற்கின்றனர். இரண்டாவது வாய் எமது கூத்து மேடை. கண்டியரசன் கதை ஈழத்துத் தமிழ்க் கிராமங்களிலும் கூத்தாக ஆடப்பட்டது. உரற் காட்சிக்கு அழாத தாய்மாரில்லை. மூன்றாவது வாய் ஆங்கிலேயருடையது. 1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி அரச சபா மண்டபத்தில் நிறைவேறிய உடன்படிக்கை, மன்னனின் கொடுமைகளை முன்வைத்தே அவனது முடியைப் பறித்தது. 1821இல் வெளிவந்த டேவியின் நூல் முதலாகப் பல ஆங்கில நூல்களும் அந்தத் துயரக் காட்சியை விரித்துரைத்தன.

மொழி வேறு, நோக்கம் வேறு, காலமும் சற்று வேறு. எனினும் மூன்று வாய்களும் ஒரு விடயத்தில் ஒத்துப் பேசுகின்றன. நிகழ்ந்த கொடுமைக்கு ஓர் ஆளின் மனமே காரணம் என்பதுதான் அது. மன்னன் குடிகாரன், கொடியவன், சந்தேகப் பிராணி. ஆகவே பிள்ளைகள் மாண்டனர் என்பதோடு கதை நிறைவெய்துகிறது. அவனை நீக்கியதும் கொடுமையும் நீங்கிற்று என்பது கேட்போரின் உள்ளத்தில் தானாகவே படிந்துவிடுகிறது. ஆங்கிலேயருக்கு வேண்டியிருந்ததும் இதுவே. பிரதானிகளுக்கு வேண்டியிருந்ததும் இதுவேதான்.

இனி, இக்கதையிலே எவரும் கேளாத ஒரு சிறு கேள்வியைக் கேட்போம். சப்பிரகமுவவிலே கிளர்ச்சியைத் தொடங்கிய எகலப்பொலவின் மனைவி மக்கள் கண்டியிலே மன்னனின் கைக்கெட்டும் தூரத்தில் ஏன் இருந்தனர்? கிளர்ச்சிக்குத் துணிந்த ஒருவன் குடும்பத்தை முதலில் அப்புறப்படுத்தியிருக்க மாட்டானா?

அவனால் அது முடியாது. திசாவைகள் தத்தம் மாகாணத்தை ஆளச் செல்கையில் அவர்களின் குடும்பம் தலைநகரில் தங்கியிருத்தல் வேண்டும் என்பது கண்டி இராச்சியத்தின் வழக்கம். பிரதானியின் விசுவாசத்துக்கு மனைவியும் மக்களுமே பிணை. வெறி கொண்ட ஒரு மன்னன் ஓரிரவிற் கண்டுபிடித்த முறையன்று இது. ஆட்சியமைப்பின் அங்கமாகவே இருந்தது. உரல் 1814இல் வந்தது. உரலுக்கு இட்டுச்சென்ற வழி தலைமுறைகளுக்கு முன்னரே வெட்டப்பட்டிருந்தது.

இந்த வழக்கம் கண்டிக்கு மட்டும் உரியதன்று என்பதை உணர, உலக வரலாற்றின் வேறொரு மூலையை நோக்குதல் பயன் தரும். யப்பானில் 1192ஆம் ஆண்டு மினமோத்தோ யொரித்தோமோ ஷோகுன் என்னும் பட்டம் பெற்றதிலிருந்து 1868 வரை, நடுவிலே சில இடைவெளிகள் தவிர, நாட்டை ஆண்டது படைத்தலைவரின் அரசாங்கமே. பேரரசர் கியோத்தோவிலே புனிதராக வீற்றிருந்தார். வாளும் வரியும் ஷோகுனின் கையில் இருந்தன. இவ்வாட்சியின் முதிர்ந்த வடிவம் 1603இல் தொக்குகாவா இயேயாசு எடோ நகரில் நிறுவியது. அந்த ஒரே குடும்பத்தின் பதினைந்து பேர் வழிவழியாக ஷோகுன் பட்டம் சூடினர். அவர்களுக்குக் கீழே ஏறக்குறைய 260 டைமியோக்கள், அதாவது பரம்பரை நிலப்பிரபுக்கள், தத்தம் பிரதேசங்களை ஆண்டனர். 1635இல் ஷோகுன் அரசாங்கம் ஓர் ஆணையை உறுதி செய்தது. பிரபு ஒவ்வொருவரும் ஓராண்டு தம் பிரதேசத்திலும் மறு ஆண்டு எடோவிலும் வாழ வேண்டும். அவர்தம் மனைவியும் வாரிசும் எக்காலமும் எடோவிலேயே இருத்தல் வேண்டும். அதே 1635ஆம் ஆண்டிலேதான் கண்டியில் இரண்டாம் இராசசிங்கன் அரியணை ஏறினான். தம்முள் தொடர்பேதுமற்ற இரு தீவுகளிலே பிரபுவின் குழந்தை பிணைப்பொருளாய் இருந்தது தற்செயல் என்று நாம் கருதவில்லை. நிலமும் படையும் பதவியும் சில குடும்பங்களின் பரம்பரைச் சொத்தாகும் இடத்தில், ஆள்பவன் அவர்களை நம்ப முடியாது. அவர்களின்றி ஆளவும் முடியாது. ஆகவே அவர்களின் குழந்தைகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறான்.

இரு சமுதாயங்களும் ஒன்றே என்று கூற நாம் துணியவில்லை. யப்பானியப் பிரபுவுக்குக் கோட்டை இருந்தது. சம்பளம் பெறும் சாமுராய்ப் படை இருந்தது. கண்டித் திசாவையை நியமிப்பதும் நீக்குவதும் மன்னனின் உரிமை. அவனுடைய படை, தம் உணவைத் தாமே சுமந்துகொண்டு போருக்கு வந்த குடியானவர்களே. கண்டியிலே முடியும் வாளும் ஒரே ஆளிடம் இருந்தன. தலதா எவரிடமோ ஆட்சியுரிமையும் அவரிடம் என்னும் நம்பிக்கை அந்த முடியைத் தாங்கியது. இவ்வேறுபாடுகளை மறைத்து எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டுவது ஆராய்ச்சியாகாது. ஆனால் இரண்டிலும் அடித்தளத்தில் நின்றவன் ஒருவனே. அவன் நெல் விளைவித்த உழவன்.

யப்பானியப் பிரபுவின் தகுதி, அவன் நிலம் எத்தனை கொகு நெல் விளைக்கும் என்பதைக் கொண்டு அளக்கப்பட்டது. ஒரு கொகு என்பது ஓராள் ஓராண்டு உண்ணும் அரிசி எனக் கொள்ளப்பட்ட அளவு. கண்டியிலே நிலத்தை அளந்த சொல் அமுணம். விதைக்கும் நெல்லின் அளவே வயலின் அளவு. அரச களஞ்சியத்துக்குரிய கிராமம் கபடாகம; பிரபுவுக்கு வழங்கப்பட்டது நிந்தகம; விகாரைக்கும் தேவாலயத்துக்கும் உரியன விகாரகம, தேவாலகம. ஒவ்வொரு கிராமத்திலும் முத்தெட்டு என ஒரு பகுதி வயலை ஆண்டவனுக்காகக் குடிகள் கூலியின்றி உழுது கொடுக்க வேண்டும். எஞ்சிய வயல் பங்கு பங்காகக் குடிகளிடம் இருந்தது. அந்தப் பங்கு என்னும் சொல் எமது சொல்லே. அதிகாரம் என்னும் பதவிப்பெயரும் எமது சொல்லே. சொல் எம்முடையது என்று பெருமை கொள்வோர், அச்சொற்களின் கீழ் எவன் முதுகு வளைந்தது என்பதையும் நினைத்தல் நன்று. பங்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கடமை உண்டு. ஒருவன் பாத்திரம் வனைவான், ஒருவன் ஆயுதம் வடிப்பான், ஒருவன் துணி வெளுப்பான், ஒருவன் பறை முழக்குவான், ஒருவன் கருப்பட்டி காய்ச்சிக் கொடுப்பான். எவன் எதைச் செய்வான் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. உயர்பதவிகளோ ரதல எனப்பட்ட சில உயர்குடிக் குடும்பங்களின் வட்டத்தை விட்டு வெளியேறியதில்லை. இவை அனைத்துக்கும் சூட்டப்பட்ட பொதுப்பெயர் இராசகாரியம். தென்னிலங்கையிலிருந்து மன்னனின் பிரதானிகளோடு இரகசியமாகக் கடிதம் நடத்திய ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொயிலி, இந்த அமைப்பைப் பற்றி எழுதிவைத்த விரிவான குறிப்புகள் இன்றும் ஆராய்ச்சியாளர்க்கு உதவுகின்றன. கைப்பற்றவேண்டிய வீட்டின் தூண்களை எண்ணிப் பார்த்த கண்கள் அவருடையவை.

இந்த அடித்தளத்தில் நின்று பார்க்கும்போது வாவிக்கரையின் அழகும் வேறாகத் தோன்றுகிறது. நாம் நிற்கும் இந்த வாவி முன்பு வயல். ஏறத்தாழ 1807 முதல் 1812 வரை அது இராசகாரிய உழைப்பினாலேயே வெட்டப்பட்டது. நகரை அழகுபடுத்துவதற்காக விளைநிலம் நீரில் மூழ்கிற்று; மூழ்கடித்தவர்கள் அந்நிலத்தில் உழைத்தவர்களின் இனத்தவரே. எண்கோண மண்டபத்தை அமைத்த தேவேந்திர மூலாச்சாரியின் பெயரையாவது நாம் அறிவோம். மண் சுமந்தவர்களுக்கு ஒரு பெயருமில்லை. எகலப்பொலவின் பிள்ளைகளுக்குக் காவியம் உண்டு, கூத்து உண்டு, பாடநூல் உண்டு. மண் சுமந்தவனின் பிள்ளை என்ன உண்டது என்று சொல்ல ஒரு வரியும் இல்லை.

அடுத்து, எம்மவரிடையே வழங்கும் ஒரு மயக்கத்தைப் பற்றிப் பேசாதிருத்தல் நேர்மையாகாது. கண்டியைக் கடைசியாக ஆண்டவன் தமிழன் என்று மார்தட்டுவோர் எம்மிடையே பலர். அந்த மன்னனை அந்நியக் கொடுங்கோலன் என்று தூற்றுவோர் மறுபுறத்தில் உளர். இருசாராரும் ஒரே நாணயத்தையே கையில் வைத்திருக்கின்றனர்.

1739இல் நரேந்திரசிங்கன் மகவின்றி இறக்க, அவனுடைய மதுரை நாயக்க குலத்து அரசியின் சகோதரன் சிறீ விசயராசசிங்கன் என்னும் பெயரோடு முடிசூடினான். தெலுங்கு வழிவந்து, தமிழகத்தில் வாழ்ந்து, கண்டியிலே பௌத்தத்தைப் புரந்த குடும்பம் அது. அவனை அடுத்து வந்த கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்திலேதான் சீயத்திலிருந்து துறவிகள் வந்து 1753இல் உபசம்பதை மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது. தலதாவை முதன்மையாகக் கொண்ட இன்றைய பெரஹராவின் ஒழுங்கும் அம்மன்னன் காலத்ததே. இவர்களை வெறுமனே அந்நியர் என்று தள்ளிவிடுதல் எங்ஙனம் பொருந்தும்? எமது இனத்து மன்னர் என்று கொண்டாடுவதற்கும் இடமில்லை. அவர்கள் ஆண்ட முறை, அவர்களுக்கு முன் ஆண்டவர்களின் முறையே. முத்தெட்டு வயலை உழுதவனுக்கு அரண்மனையின் தாய்மொழி எதுவானாலென்ன?

1798இல் கண்ணுச்சாமி என்னும் இளைஞனைத் தேடிப் பிடித்து அரியணையில் ஏற்றியவர் மகா அதிகாரம் பிலிமத்தலாவ. தம் கைப்பாவையாக அவன் இருப்பான் என்று எண்ணினார், கைப்பாவை கைவிட்டுப் போனதும் சதி செய்தார், ஈற்றிலே தலையிழந்தார். அவருக்குப் பின் பதவிக்கு வந்தவரே எகலப்பொல. 1815 உடன்படிக்கையின் வாசகங்களைக் கூர்ந்து படிப்போருக்கு இந்த நாடகத்தின் உட்பொருள் விளங்கும். மன்னனும் அவன் குடும்பத்தாரும் மலபாரிகள் என்று சுட்டப்பட்டு நாட்டினின்றும் விலக்கப்படுகின்றனர். ஆட்சி பிரித்தானிய முடிக்குப் போகிறது. ஆனால் அதிகாரங்கள், திசாவைகள், மொஹொட்டாலைகள் முதலாய தலைவர்களின் பதவியுரிமைகளும் சலுகைகளும் காப்பாற்றப்படுகின்றன. இனத்தின் பேரால் மன்னன் அகற்றப்பட்டான். வர்க்கத்தின் பேரால் பிரதானிகள் காக்கப்பட்டனர். முத்தெட்டு வயல் பற்றி அந்தப் பத்திரத்தில் ஒரு முறைப்பாடும் இல்லை. உரலைக் காட்டி நாட்டை வாங்கியவர்களும் உரலைக் காட்டி நாட்டைக் கொடுத்தவர்களும் உழவனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

பேரம் பிரதானிகளுக்கும் நெடுங்காலம் பலிக்கவில்லை என்பதையும் கூற வேண்டும். முடியை எதிர்பார்த்திருந்த எகலப்பொலவுக்கு முடி கிட்டவில்லை; 1818இல் சிறைப்பட்டு, 1825இல் மொரீசியசுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கேயே இறந்தார். ஊவாக் கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல, கிளர்ச்சியாளர் பக்கம் சேர்ந்து, 1818 நவம்பரில் தலை கொடுத்தார். அவருடைய துணிவை நாம் தலைவணங்கி ஏற்கிறோம். ஆயினும் அந்தக் கிளர்ச்சியில் எரிந்த கிராமங்களும் அழிந்த வயல்களும் எவருடையவை என்பதையும் அந்த வணக்கத்தோடு சேர்த்தே நினைக்கிறோம்.

கண்ணீரை வேறொரு வழியிலும் செலுத்தலாம் என்பதற்கு மீண்டும் யப்பானிய அரங்கையே சான்று காட்டுவோம். அங்கே நிலமானிய காலத்தின் புகழ்பெற்ற நாடகம் சூஷின்குரா. 1748இல் பொம்மை நாடகமாகவும் பின் கபுக்கியாகவும் மேடையேறிய அது, தம் தலைவனுக்காகப் பழிவாங்கி 1703இல் தம் வயிற்றைத் தாமே கிழித்துக்கொண்ட சாமுராய்களின் கதை. சமகாலத்து ஆட்சியைப் பற்றி நாடகம் எழுதுவதை அரசு தடுத்திருந்தபடியால், ஆசிரியர்கள் கதையைப் பல நூற்றாண்டு பின்தள்ளி எழுதினர். தலைவனுக்காகச் சாவதே அறம் என்பது அந்நாடகத்தின் உயிர். அந்தத் தலைவன் தன் குடிகளுக்கு என்ன செய்தான் என்னும் கேள்விக்கு அங்கே முக்கியத்துவம் இல்லை. கலையழகிலே குறைவற்ற நாடகம் அது என்பதை மறுக்கமாட்டோம். ஆனால் இருபதாம் நூற்றாண்டிலே யப்பானிய இராணுவவாதிகள் அத்தகைய விசுவாசக் கதைகளையே இளைஞர்க்கு ஊட்டிப் போருக்கு அனுப்பினர். 1942 ஏப்ரிலில் கொழும்பின் மீதும் திருகோணமலையின் மீதும் விழுந்த குண்டுகளுக்குப் பின்னால் அப்பாடத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கதை எவரையும் தீண்டாது என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

ஆனால் அதே கபுக்கி அரங்கில் 1851இல் மற்றொரு கதை ஏறிற்று. சக்குரா என்னும் பிரதேசத்திலே வரிக்கொடுமை தாங்காத கிராமங்களின் சார்பில், சோகொரோ என்னும் ஊர்த்தலைவன் சட்டத்தை மீறி ஷோகுனிடமே நேரிற் சென்று விண்ணப்பம் நீட்டினான். அந்தக் குற்றத்துக்காக அவனும் மனைவியும் சிலுவையில் அறையப்பட்டனர். அவன் பிள்ளைகள் பெற்றோர் கண்முன்னே வெட்டப்பட்டனர். பதினேழாம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இக்கதையில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று அறுதியிட்டுக் கூற முடியாது. மக்கள் அதனை நம்பினர், வழிபட்டனர், மேடையிற் கண்டு அழுதனர்.

எகலப்பொலவின் பிள்ளைகளையும் சோகொரோவின் பிள்ளைகளையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம். இரண்டு இடத்திலும் குற்றமற்ற குழந்தைகள் வெட்டுண்டனர். இரண்டு இடத்திலும் தாய் அதைக் கண்டாள். பார்வையாளரின் கண்ணீரும் ஒரே உப்புடையது. ஆனால் முதற் கதையைக் கண்டு எழுந்தவன், கொடிய மன்னன் ஒழிக, நல்ல பிரபு வாழ்க என்று வீடு திரும்புகிறான். இரண்டாவதைக் கண்டவனோ வரியைப் பற்றி நினைத்துக்கொண்டு போகிறான். பிள்ளைகள் ஏன் மாண்டனர் என்னும் கேள்விக்கு முதற் கதை ஒரு பெயரை விடையாகத் தருகிறது. இரண்டாவது ஓர் அமைப்பைச் சுட்டுகிறது. எமது கண்டியரசன் கதையிலே இல்லாத பாத்திரம் சோகொரோவே.

அவ்வாறான மனிதர் இந்த மலைகளில் இல்லாமலில்லை. வேலூரிலே சிறையிருந்த கடைசி மன்னன் 1832 சனவரியில் இறந்தான். அதே ஆண்டிலே, கோல்புறூக்கின் சிபாரிசின்படி, இராசகாரியமும் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆனால் விகாரை, தேவாலய நிலங்களின் ஊழியம் அச்சட்டத்துக்கு வெளியே விடப்பட்டது. இன்றும் பெரஹராவில் பறை முழக்கும் கைகளிற் பல, பரம்பரைக் கடமையின் வழி வந்த கைகளே. அந்தத் தாளத்தின் அழகில் மயங்கும் நாம், அதை முழக்குபவரை எந்தச் சாதிப்பெயரால் ஊரார் அழைத்தனர் என்பதை மறந்துவிடலாகாது. நீக்கப்பட்ட கட்டாய உழைப்பும் வேறு வேடம் புனைந்து திரும்பிற்று. ஆளுநர் டொறிங்டனின் காலத்தில் வந்த வீதிச் சட்டம், ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை அல்லது அதற்கீடான பணம் கேட்டது; துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி வந்தது. 1848இல் மாத்தளையிலே மக்கள் எழுந்தபோது முன்னே நின்ற புரன் அப்பு பிரபு குலத்தவனல்லன். மொறட்டுவையிலிருந்து வந்த சாதாரண மனிதன். அவன் கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். அந்த எழுச்சியிலும் மக்கள் முதலிற் செய்த வேலை கொங்காலகொட பண்டாவுக்கு முடிசூட்டியது என்பதைக் கவனித்தல் வேண்டும். அரசனின்றி நியாயம் இல்லை என்னும் நம்பிக்கை, அரசன் போன பின்னரும் உழவனின் தலையிற் குடியிருந்தது. ஹட்டனக் கவிதைகள் விதைத்ததன் அறுவடை அது.

மலையகத்து வாசகர்களுக்கு இவ்வரலாறு அயலார் கதையன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. சிங்களக் கிராமத்தான் விறகும் மேய்ச்சலும் தினையும் பெற்ற மேட்டுநிலம் கோப்பித் தோட்டமாயிற்று. மன்னனின் வீரம் பாடப்பெற்ற அதே கன்னொறுவையிலேதான் ஆளுநர் பாண்சு கோப்பித் தோட்டம் திறந்தார். அந்நிலத்தில் உழைக்கத் தமிழகத்தின் பஞ்சம் பிடித்த கிராமங்களிலிருந்து எம்மவர் மாத்தளை வழியே நடந்து வந்தனர். வழியிலே வீழ்ந்தவர் பலர். 1867இல் லூல்கந்துரையிலே தேயிலை தொடங்கிற்று. அங்கும் ஒரு குட்டி நிலமானியம் தலைதூக்கிற்று என்பதை நாம் மறைக்கலாமா? தலைப்பாகையும் கோட்டும் தரித்த பெரிய கங்காணி, சாதியைச் சொல்லி ஆள் சேர்த்தான், கடனைச் சொல்லி ஆளைக் கட்டினான். பெரட்டில் நின்ற ஒவ்வோர் ஆளின் பேரிலும் அவனுக்குக் காசு கிடைத்தது. கடனோடு ஆளையும் கைமாற்றிய துண்டு முறை 1921இலேதான் ஒழிந்தது. அவன் பேசிய தமிழ் தொழிலாளியின் கடனைக் குறைத்ததில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானோரின் வழக்கு முற்றாகத் தீர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

நிலம் இழந்த கிராமத்தானும் நிலத்துக்காகக் கொண்டுவரப்பட்ட தோட்டத்தானும் ஒரே மலையின் இரு சரிவுகளில் வாழ்கின்றனர். இவனுக்கு அவன் அந்நியன் என்றும், அவனுக்கு இவன் பகைவன் என்றும் போதிக்க, கடைசி மன்னனின் இனம் இன்றுவரை பயன்படுகிறது. கண்டியரசன் கதையை விமரிசனம் செய்வது அவசியமென்று நாம் கருதுவதற்குத் தலையாய காரணம் இதுவே.

கலையை வரலாற்றுப் பாடமாக்க வேண்டுமா, உரற் காட்சியின் உருக்கத்தை ஆராய்ச்சியால் உலர்த்த வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. அறுபதுகளில் பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைச் செம்மைப்படுத்தி, 1964இல் இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றிய போது தமிழ் அரங்குக்குப் புத்துயிர் கிடைத்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னே, யப்பானிய நோ, கபுக்கி அரங்குகளைக் கண்டு திரும்பிய எதிரிவீர சரச்சந்திர 1956இல் மனமே நாடகத்தைத் தந்தார். இவ்விருவரும் மரபின் உருவத்தை மீட்டுத் தந்தனர். அந்தக் கடன் பெரிது. ஆயினும் உருவத்தை மீட்டபின் அதிலே எவனை அரசிருத்துவது என்னும் பணி அடுத்த தலைமுறைக்கு விடப்பட்டது. அதே கபுக்கி உருவம் சூஷின்குராவையும் சுமந்தது, சோகொரோவையும் சுமந்தது என்பதை மேலே கண்டோம். உருவம் எவரையும் தடுக்கவில்லை.

உரற் காட்சியை நீக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. மத்தும பண்டாரவின் துணிவு எந்தக் குழந்தைக்கும் உரிய செல்வம். அவன் பிரபுவின் மகனாகப் பிறந்தது அவன் குற்றமன்று. அந்தத் தாய் ஏன் கண்டியில் இருந்தாள் என்று ஒரு பாத்திரம் கேட்கட்டும். அவள் கையில் திணிக்கப்பட்ட உலக்கையைச் செதுக்கியவன், அதே உலக்கையால் அரண்மனைக்கு நெல் குற்றியவள், வாவியிலே மண் சுமந்தவன் ஆகியோர் மேடையின் ஓரத்திலாவது வந்து நிற்கட்டும். கட்டியக்காரன் மன்னன் வரவை அறிவிக்கும் முன், வயலில் நிற்பவனின் வரவை ஒருமுறை அறிவிக்கட்டும். அப்போதும் மக்கள் அழுவார்கள். வீடு திரும்பும் வழியில் வேறொன்றையும் பேசிக்கொள்வார்கள்.

எழுதப்போகும் இளைஞர்களுக்கு இது எமது வேண்டுகோள். ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள் மட்டும் உண்டு. அடுத்த முறை பிள்ளைகளோடு வாவிக்கரைக்கு வரும்போது, போகம்பரையைக் காட்டி அந்தக் கதையைச் சொல்லுங்கள், குறைக்காமற் சொல்லுங்கள். பிள்ளைகள் மௌனமாகும்போது, எதிரேயுள்ள நீரைக் காட்டி, இங்கே முன்பு வயல் இருந்தது, அதை உழுதவன் எங்கே போனான் என்று கேளுங்கள். அவர்கள் எந்த மொழியில் விடை சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.